எந்தப் பக்கத்தில் மூடி வைக்கலாம்?

பிடிக்கும் என்று நம்பி எடுத்த நாவல் அறுபதாம் பக்கத்தில் நின்றுபோகிறது. தலைமாட்டில் மூன்று வாரமாகக் கிடக்கிறது. இதை முடிக்காமல் இன்னொன்றைத் தொட மனம் வரவில்லை. இதை எடுக்கவும் கை வரவில்லை. ஆக, மூன்று வாரத்தில் படித்தது பூஜ்யம். சலிப்பூட்டும் புத்தகம் அடுத்த புத்தகத்துக்கான நேரத்தையும் சேர்த்தே தின்றுவிடும். அதனால், எந்தப் பக்கத்தில் மூடி வைப்பது என்பதைப் புத்தகத்தைத் திறக்கும்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

ஐம்பது பக்கம், பத்து சதவீதம், ஒரு அத்தியாயம் என்று இதற்கு ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே கணக்கை வைப்பதில்தான் கோளாறு. ஒரு புத்தகத்தை எந்த வழியில் எடுத்தீர்களோ, அதைப் பொறுத்ததுதான் அதற்குக் கொடுக்க வேண்டிய தவணையும். உள்ளே புரட்டிப் பார்த்து, நடை பிடித்து எடுத்த புத்தகம் நடுவில் தடுமாறினால் பொறுக்கலாம். விருதையோ நட்சத்திரத்தையோ பார்த்து எடுத்தது தடுமாறினால் அவ்வளவு பொறுக்கத் தேவையில்லை; அதை எடுத்தது ஊர் ரசனை, உங்கள் ரசனை இன்னும் வாயே திறக்கவில்லை. ஆகவே எடுக்கும் வழிகளையும் விடும் வழிகளையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். (தேர்வுக்கும் வேலைக்கும் படிப்பது வேறு. இங்கே பேச்சு மகிழ்ச்சிக்காகப் படிப்பதைப் பற்றி மட்டும்.)

ஒப்பிடுவதற்கு முன் ஒரு சின்ன அளவு தேவை. உங்களுக்குப் பழகிய வகை நாவலில் 10 பக்கத்தைக் கடிகாரம் வைத்துப் படித்துப் பாருங்கள். 18 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 400 பக்க நாவலுக்கு 12 மணி நேரம். தினம் அரை மணி படிப்பவருக்கு 24 நாள். அதே வேகத்தில் 50 பக்கம் என்பது ஒன்றரை மணி நேரம், அதாவது மூன்று நாள். மூன்று நாளில் விட்டுவிட்டால் 21 நாள் மிச்சம். இந்தக் கணக்கு கண்முன் இருந்தால், “இவ்வளவு படித்தாயிற்றே, விடுவதா” என்ற தயக்கம் பாதி கரைந்துவிடும். படித்து முடித்த பகுதியைவிடப் படிக்காத பகுதி பெரும்பாலும் பெரிதாக இருக்கும் கட்டத்தில்தானே இந்தக் கேள்வியே வருகிறது.

எடுக்கும் வழிகள்

இணையத்தில் கிடைக்கும் நட்சத்திர மதிப்பீடு கைக்கு எளிது; ஆனால் அதில் சராசரியைப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே உதவாத வேலை. சராசரி 3.9 என்றால், பெரும்பாலோர் 4 கொடுத்திருக்கலாம். அல்லது பாதிப் பேர் 5 கொடுக்க, மீதிப் பேர் 3-ம் 2-ம் கொடுத்திருக்கலாம். இரண்டும் வெவ்வேறு புத்தகங்கள். முதலாவது யாரையும் நோகடிக்காத, யாரையும் உலுக்காத நூல். இரண்டாவதில் ஏதோ ஒரு காரம் இருக்கிறது. பிடித்தால் மிகவும் பிடிக்கும். மகிழ்ச்சிக்காகப் படிப்பவர் இரண்டாவதை எடுப்பதே மேல், தவணையை மட்டும் குறைத்து வைத்துக்கொண்டு. ஆகவே எண்ணைப் பார்க்காமல், அதன் அருகே எத்தனை பேர் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார்கள் என்று காட்டும் பட்டைகளின் வடிவத்தைப் பாருங்கள். இன்னொன்று: தளத்துக்குத் தளம் நட்சத்திரத்தின் பொருள் மாறும். குட்ரீட்ஸ் தளத்தில் 3 நட்சத்திரத்துக்குப் ‘பிடித்திருந்தது’ என்றும், 2-க்குப் ‘பரவாயில்லை’ என்றும்தான் பொருள் கொடுத்திருக்கிறார்கள். கடைத் தளங்களில் 3 கொடுப்பவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்திருப்பார்.

தொடர் நாவல்களில் இன்னொரு பொறி உண்டு. நான்காம் பாகத்தின் மதிப்பீடு முதல் பாகத்தைவிட உயரமாக இருப்பதைப் பார்த்து, ‘போகப் போக நன்றாக இருக்கும்போலிருக்கிறது’ என்று தோன்றும். முதல் பாகம் பிடிக்காதவர்கள் நான்காம் பாகம் வரை வரவே இல்லை. வந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே ரசிகர்கள். அந்த உயரம் அங்கிருந்து வந்தது. தொடரை முதல் பாகத்தை வைத்தே எடை போட வேண்டும்.

மதிப்புரைகளில் 5 நட்சத்திரத்தையும் 1 நட்சத்திரத்தையும் தள்ளிவிட்டு, 3 நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதில் ஐந்தைப் படியுங்கள். அவர்கள்தான் ‘இது பிடித்தது, இது பிடிக்கவில்லை’ என்று பிரித்துச் சொல்வார்கள். ‘கதை நகரவே இல்லை, ஒரே வர்ணனை’ என்று ஒருவர் நொந்துகொண்டால், வர்ணனைப் பிரியருக்கு அதுவே அழைப்பிதழ்.

விருது பெற்ற நூல் என்ற முத்திரை தரத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது. உங்களுக்குப் பிடிக்குமா என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. பலாஷ் கோவாச், அமாண்டா ஷார்க்கி என்ற இரு ஆய்வாளர்கள் 64 ஆங்கில நூல்களுக்கு வாசகர்கள் எழுதிய 38,817 மதிப்புரைகளை எடுத்து ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். பரிசு பெற்றவற்றையும், இறுதிப் பட்டியல் வரை வந்து பரிசு கிடைக்காதவற்றையும் ஒப்பிட்டபோது, பரிசு பெற்ற பின் வென்ற நூல்களின் மதிப்பீடு மற்றவற்றைவிட அதிகமாகச் சரிந்திருந்தது. புத்தகம் மாறவில்லை, வாசகர் கூட்டம் மாறியது. அந்த வகை எழுத்தில் நாட்டமே இல்லாதவர்களும் பரிசுச் செய்தியைப் பார்த்து வாங்கிப் படித்தார்கள் என்பதே அவர்கள் சொல்லும் முக்கியக் காரணம். இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: வென்ற நூலைத் துரத்துவதற்குப் பதில் அந்த இறுதிப் பட்டியல் முழுவதையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் படித்துப் பாருங்கள். உங்களுக்கானது தோற்றுப்போன நாலைந்தில் ஒன்றாகவும் இருக்கலாம்.

நண்பர் பரிந்துரை நல்ல வழி, அவருடைய கணக்கு உங்களிடம் இருந்தால். கடைசியாக அவர் சொன்ன ஐந்து புத்தகங்களில் எத்தனையை நீங்கள் முடித்தீர்கள்? மூன்று என்றால் நம்பலாம். ஒன்று என்றால் அவர் நல்ல நண்பர், அவ்வளவுதான். “நல்லா இருக்கா?” என்று கேட்டால் “சூப்பர்” என்பார், அதில் ஒன்றும் கிடைக்காது. “எந்த இடம் நினைவில் நிற்கிறது?” என்று கேளுங்கள். ஒரு காட்சியைச் சொல்லத் தொடங்கினால் அந்தப் புத்தகத்தில் ஏதோ இருக்கிறது. “அந்த எழுத்தாளர் பெரிய ஆளாச்சே” என்று தொடங்கினால் அவரே முடித்தாரா என்பது சந்தேகம்.

முன்னுரையை நம்பி எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. பவணந்தி முனிவர் நன்னூலில், ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் (இன்றைய அணிந்துரை போன்றது) எழுதத் தகுந்தவர்கள் யார் என்று வரிசைப்படுத்துகிறார்: நூலாசிரியரின் ஆசிரியர், அவரோடு படித்தவர், அவருடைய மாணாக்கர், தகுந்த உரைகாரர். கவனித்தால் நான்கு பேருமே நூலுக்கோ ஆசிரியருக்கோ வேண்டியவர்கள். அணிந்துரை என்பது அன்றைக்கும் மதிப்புரை அல்ல, இன்றைக்கும் அல்ல. படியுங்கள், முடிவை மட்டும் அதை வைத்து எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே பிடித்த எழுத்தாளரின் இன்னொரு நூலை எடுப்பது ஓரளவு பாதுகாப்பானது. அதிலும் முதல் நூலுக்கும் கடைசி நூலுக்கும் நடுவில் ஆள் மாறியிருப்பார். நீங்கள் ரசித்ததற்கு முன்னும் பின்னும் உடனடியாக வந்தவற்றை முதலில் எடுங்கள்.

எல்லாவற்றையும்விட உறுதியான வழி, உள்ளே படித்துப் பார்ப்பது. இதிலும் முதல் பக்கத்தை மட்டும் படிப்பது போதாது. எந்த எழுத்தாளரும் அதிகமுறை திருத்தி எழுதுவது முதல் பக்கத்தைத்தான்; பதிப்பாசிரியர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பதும் அதைத்தான். 99-ஆம் பக்கத்தைத் திறந்து படி, புத்தகத்தின் முழுத் தரமும் தெரிந்துவிடும் என்றார் ஆங்கில நாவலாசிரியர் ஃபோர்டு மேடாக்ஸ் ஃபோர்டு. கனடிய ஊடக அறிஞர் மார்ஷல் மக்லூகன் 69-ஆம் பக்கத்தைச் சொன்னதாகக் கூறுவார்கள். எண்ணில் மந்திரம் ஒன்றுமில்லை. எழுத்தாளர் கவர்ந்திழுக்கும் அவசரம் தீர்ந்து, வழக்கமான நடைக்குத் திரும்பியிருக்கும் இடம் அது. செய்முறை இப்படி: முதல் இரண்டு பக்கம், மூன்றில் ஒரு பங்கு தாண்டிய இடத்தில் இரண்டு பக்கம், உரையாடல் நிறைந்த ஒரு பக்கம் எங்கிருந்தாவது. மொத்தம் ஐந்து பக்கம், பத்து நிமிடம். கடைசி மூன்றில் ஒரு பங்கைத் தொட வேண்டாம். உரையாடல் பக்கத்தில் பெயர்களை விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். யார் பேசுகிறார் என்று குரலை வைத்தே தெரிந்தால் எழுத்தாளருக்குக் காது இருக்கிறது.

மின்னூல் மாதிரியில் ஒரு சிக்கல். பெரும்பாலும் முதல் 10 சதவீதத்தைத்தான் இலவசமாகக் கொடுப்பார்கள். 300 பக்க நூல் என்றால் 30 பக்கம் வர வேண்டும். அதில் பதிப்புரை, வாழ்த்துரை, அணிந்துரை, என்னுரை, நன்றி, பொருளடக்கம் எல்லாம் போக, சில சமயம் கதை ஐந்து பக்கம்தான் மிஞ்சும். நடுப்பக்கம் பார்க்கவே முடியாது. ஆகவே மின்னூல் மாதிரியை நம்பி எடுத்த நூலுக்கு, கையில் புரட்டி எடுத்த நூலுக்குக் கொடுக்கும் சலுகையைக் கொடுக்க முடியாது.

விடும் வழிகள்

எடுத்ததை எப்பாடுபட்டாவது முடிப்பது ஒரு போக்கு. இதற்கு நியாயம் உண்டு: சில நூல்கள் கடைசி நூறு பக்கத்தில்தான் முன்னால் போட்ட முடிச்சுகளை எல்லாம் அவிழ்க்கும். (முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுவதில் ஒரு தனி சுகம் இருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது.) ஆனால் பலர் முடிப்பது இதற்காக அல்ல, காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்பதற்காக. ஆர்க்ஸ், புளூமர் என்ற இரு உளவியலாளர்கள் 1985-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பருவத்து நாடகங்கள் எல்லாவற்றுக்குமான சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், அதே சீட்டு தள்ளுபடியில் கிடைத்தவர்களைவிடப் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். சீட்டு ஒன்றுதான், நாடகமும் ஒன்றுதான். கொடுத்த பணம் இருக்கைக்கு இழுத்துவந்தது. புத்தகத்திலும் இதேதான். நூலகத்தில் எடுத்ததை நாலு நாளில் திருப்பிக் கொடுப்பவர், வாங்கியதை நாலு மாதம் சுமப்பார். சந்தேகமாக இருக்கும்போது ஒரு கேள்வி உதவும்: இது இரவல் புத்தகமாக இருந்தால் நாளைக்கே திருப்பியிருப்பேனா? ஆம் என்றால், வாங்கியதாக இருந்தாலும் விடை அதுவே.

அடுத்தது ஐம்பது பக்க விதி. இதைப் பரவலாக்கியவர் அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல். ஐம்பது பக்கம் படி, பிடிக்கவில்லை என்றால் விடு. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் 100-லிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணை எல்லையாக வைத்துக்கொள்ளலாம் என்றார். 70 வயதுக்காரருக்கு 30 பக்கம். 100 வயது ஆனவர் அட்டையைப் பார்த்தே தள்ளிவிடலாம். வேடிக்கையாகத் தோன்றினாலும், மிச்சம் இருக்கும் நேரத்தை வைத்துத் தவணையைக் குறைக்கும் யோசனை சரியானதே.

இந்த விதி பிசகும் இடம் இரண்டு. 120 பக்கக் குறுநாவலில் ஐம்பது பக்கம் என்பது 40 சதவீதத்துக்கும் மேல். அங்கே முப்பதிலேயே தெரிந்துவிடும், ஐம்பது வரை வந்துவிட்டால் முடித்துவிடுவதே சுலபம். 900 பக்க வரலாற்று நாவலில் ஐம்பது பக்கத்தில் ஆட்களே அறிமுகமாகி முடிந்திருக்க மாட்டார்கள். அதனால் சிலர் சதவீதத்துக்கு மாறுகிறார்கள். 15 சதவீதம் என்று வைத்தால் 400 பக்கத்துக்கு 60, நியாயம். 900 பக்கத்துக்கு 135. முன்பு சொன்ன வேகத்தில் அது நாலு மணி நேரத்துக்கும் மேல். பிடிக்காத ஒன்றுக்கு நாலு மணி நேரம் கொடுப்பது தண்டனை. ஆகவே சதவீதம் வைத்தாலும் மேலே ஒரு மூடி போட வேண்டும்.

எங்கள் பரிந்துரை, எடுத்த வழியை வைத்து எல்லை குறிப்பது. ஐந்து பக்கம் பார்த்து, நடை பிடித்து எடுத்ததற்கு 20 சதவீதம், அதிகபட்சம் 100 பக்கம். கணக்கு நன்றாக உள்ள நண்பர் சொன்னதற்கும் பிடித்த எழுத்தாளரின் நூலுக்கும் 50 பக்கம். விருது, பட்டியல், நட்சத்திரம், மின்னூல் மாதிரி ஆகியவற்றுக்கு 30. அட்டையும் விளம்பரமும் பார்த்து எடுத்ததற்கு ஒரு அத்தியாயம், அதுவும் நீளமாக இருந்தால் பாதி. இவை பழக்கத்தில் வந்த அளவுகள். உங்கள் கைக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். முக்கியமானது, எல்லையை எடுக்கும்போதே குறிப்பது. அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி வையுங்கள். காகிதம் வந்ததும் ஒரே கேள்வி: அடுத்த பக்கத்தில் என்ன என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறதா? காகிதத்தைக் கவனிக்காமலே தாண்டிப் போயிருந்தால் கேள்விக்கே அவசியமில்லை.

எது சலிக்கிறது?

எல்லை வந்துவிட்டது, ஆசை இல்லை. உடனே மூடுவதற்கு முன் சலிப்புக்குப் பெயர் வைத்துப் பார்ப்பது பயன் தரும். இதற்கு நன்னூலே கைகொடுக்கிறது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்கள் என்று அது சொல்பவை: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. நாவலை மனத்தில் வைத்து எழுதியதல்ல இது. ஆனாலும் எந்தக் குற்றம் எந்தப் பக்கத்தில் வெளிப்படும், எது போகப் போகச் சரியாகும், எது ஆகாது என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல பட்டியல் கிடைப்பது அரிது.

வழூஉச்சொல் புணர்த்தலும் வெற்றெனத் தொடுத்தலும் முதல் இருபது பக்கத்திலேயே தெரிந்துவிடும். முன்னது பிழையான சொற்களைச் சேர்ப்பது. பின்னது ஓசைக்காகப் பொருளற்ற சொற்களை அடுக்குவது. ஒரு மாதிரி:

“அந்த மாலைப் பொழுதின் மௌனம், மௌனமான ஓர் இசையாக அவள் இதயத்தின் ஆழத்தில் ஆழமாக ஒலித்துக்கொண்டிருந்தது.”

இதே தனிமையை இப்படியும் சொல்லலாம்:

“விளக்குப் போட மறந்திருந்தாள். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டபோதுதான் இருட்டிவிட்டது தெரிந்தது.”

முதலாவதில் மௌனம் இரண்டு முறை, ஆழம் இரண்டு முறை. ஒலிக்கும் மௌனம் வேறு. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் ஒரு வீடு இருக்கிறது, நேரம் போயிருக்கிறது, அவள் எங்கோ நினைவாக இருந்தது சொல்லாமலே புரிகிறது. முதல் வகை வாக்கியம் பக்கத்துக்கு மூன்று வந்தால், முந்நூறாம் பக்கத்திலும் அப்படித்தான் வரும். நடை திருந்தாது. எப்படி எடுத்த புத்தகமானாலும் தவணையை ரத்து செய்துவிட்டு மூடலாம்.

மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் ஐம்பது பக்கத்துக்குள் புலப்படும். இவற்றுக்கு மருந்து உண்டு, தாண்டிப் படிப்பது. வார இதழில் தொடராக வந்து நூலான நாவல்களில் இது இயல்பு. ஒவ்வொரு வாரமும் முன்கதையை நினைவூட்ட வேண்டியிருந்தது, கடைசி வரியில் கொக்கி போட வேண்டியிருந்தது. அத்தியாயத்தின் முதல் ஒரு பக்கத்தைத் தாண்டினால் வேகம் தானாகக் கூடிவிடும்.

மயங்க வைத்தலில்தான் அவசரப்படக் கூடாது. குழப்பம் நூலில் இருக்கிறதா, நமக்குப் பழக்கமில்லாததால் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வட்டார வழக்கில் எழுதிய நாவல் முதல் முப்பது பக்கம் பலருக்கு முரண்டு பிடிக்கும். அதைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். எழுத்தில் அந்நியமாகத் தெரிந்த சொல், காதில் விழுந்ததும் பாதி விளங்கிவிடும். இருபது பேர் வரும் நாவல் என்றால் ஒரு தாளில் பெயரும் உறவும் எழுதிக்கொண்டே போங்கள். எட்டுப் பேர் வரை எழுதுவதற்குள் மீதிப் பேர் தானாக நினைவில் நிற்பார்கள். இவ்வளவு செய்தும் யார் எவர் என்று தெரியவில்லை என்றால் குற்றம் நூலுடையது.

மற்றொன்று விரித்தல் குற்றமா உத்தியா என்பது மூன்றில் ஒரு பங்கு வரை தெரியாது. கிளைக்கதை ஒன்றாவது அதற்குள் மூலக்கதையைத் தொட்டுத் திரும்பியிருந்தால் ஆசிரியர் தெரிந்தே செய்கிறார். முன்னுக்குப் பின் முரணாகச் சொல்லும் மாறுகொளக் கூறலும் அப்படியே. கதைசொல்லி பொய் சொல்கிறவராகவும் இருக்கலாம். குன்றக் கூறல், அதாவது சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது, பெரும்பாலும் கட்டுரை நூல்களின் நோய். தலைப்பு எழுப்பும் கேள்விக்கு விடை எந்த அத்தியாயத்தில் என்று பொருளடக்கத்தில் பார்த்து, நேரே அங்கே போய்ப் படித்துவிடலாம்.

சென்று தேய்ந்து இறுதல்தான் எல்லா விதிகளையும் ஏமாற்றும் குற்றம். அருமையாகத் தொடங்கி, அறுபது சதவீதத்துக்கு மேல் தொய்ந்துவிடும். நீங்கள் வைத்த எல்லைக் காகிதத்தை எப்போதோ தாண்டி வந்திருப்பீர்கள். இங்கே முழுதாக விடவும் வேண்டாம், வரிவரியாகப் படிக்கவும் வேண்டாம். மிச்சமுள்ள அத்தியாயங்களின் முதல் இரண்டு பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் படித்துக்கொண்டே போய், கடைசி அத்தியாயத்தை முழுதாகப் படித்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் தீரும் வேலை. நின்று பயன் இன்மையோ, அதாவது சொற்கள் இருந்தும் பயன் இல்லாமல் போவதோ, முடித்த பிறகுதான் தெரியும். அதற்கு மருந்து கிடையாது.

இந்தப் பத்திலும் சேராத பதினொன்றாவது ஒன்று உண்டு: குற்றம் படிப்பவரிடம் இருப்பது. தூக்கம், அலைச்சல், கைப்பேசி. சோதிக்க எளிய வழி: முன்பு படித்து மிகவும் ரசித்த ஒரு நூலை எடுத்து, அதே நேரத்தில், அதே இடத்தில் பத்துப் பக்கம் படியுங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் புதிய புத்தகத்தின் மீது பழி போடாதீர்கள். ஒரு வாரம் கழித்து, அல்லது காலையில் படித்துப் பாருங்கள்.

நடுவழிகள்

முடிப்பதற்கும் கைவிடுவதற்கும் நடுவில் இருக்கும் வழிகளைப் பலர் வழிகளாகவே கருதுவதில்லை. தாண்டிப் படிப்பதில் குற்ற உணர்வு வேண்டியதில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் தானியல் பென்னாக் 1992-ல் வாசகரின் பத்து உரிமைகளை வரிசைப்படுத்தியபோது, பக்கங்களைத் தாண்டும் உரிமையை இரண்டாவதாகவும், முடிக்காமல் விடும் உரிமையை மூன்றாவதாகவும் வைத்தார். தாண்டுவதற்கும் முறை உண்டு: வர்ணனையைத் தாண்டலாம், உரையாடலைத் தாண்டினால் கதை அறுந்துவிடும்.

முடிவை முன்கூட்டியே படிப்பது இன்னொன்று. லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் 2011-ல் சிறுகதைகளை வைத்து நடத்திய சோதனையில், முடிவு முன்பே தெரிந்தவர்கள் கதையைக் கூடுதலாகவே ரசித்தார்கள். பின்னால் வந்த சில சோதனைகள் நேர்மாறாகவும் சொன்னதால் இதைப் பொது விதியாக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே கைவிடும் நிலைக்கு வந்துவிட்ட நூலில் இழக்க என்ன இருக்கிறது? கடைசி அத்தியாயத்தைப் படித்ததும் ‘இங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள்’ என்று கேட்கத் தோன்றினால் திரும்பிப் போய்த் தொடருங்கள். துப்பறியும் கதைக்கு மட்டும் இது ஆகாது.

மொழிபெயர்ப்பு நூல் சலித்தால், விட வேண்டியது மூல நூலையா மொழிபெயர்ப்பையா என்று பாருங்கள். வாக்கியத்தை மனத்துக்குள் ஆங்கிலமாக்கிப் பார்த்தால்தான் பொருள் விளங்குகிறது என்றால், பழுது மொழிபெயர்ப்பில். பழைய, புகழ்பெற்ற நூல்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்புகள் இருக்கும். ஒரே பத்தியை இரண்டிலும் எடுத்து ஒப்பிடுங்கள், உரையாடல் உள்ள பத்தியாக இருந்தால் நல்லது.

ஒலிநூலுக்கு மாறுவது, மெதுவாக நகரும் நாவல்களுக்கு நன்றாக உதவும். நடந்துகொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோ கேட்கும்போது மெத்தனம் உறுத்தாது. வாசிப்பவர் குரல் பிடிக்கவில்லை என்றால் நல்ல நூலும் கெடும், எனவே ஐந்து நிமிட மாதிரியைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். எண்ணும் படமும் அடிக்குறிப்பும் நிறைந்த நூல்களை ஒலியில் எடுத்தால் முன்னும் பின்னும் ஓட்டியே அலுத்துப்போகும்.

சிறுகதைத் தொகுப்பில் எல்லைப் பக்கம் என்பதே பொருந்தாது. முதல் கதை, தலைப்புக் கதை, நடுவில் ஒன்று என மூன்று படியுங்கள். மூன்றும் பிடிக்கவில்லை என்றால் தொகுப்பை விடலாம். ஒன்று பிடித்தாலும் பிடிக்காத கதைகளை மட்டும் விட்டுக்கொண்டே போகலாம். கவிதைக்கு எங்காவது திறந்து பத்துக் கவிதை போதும்.

ஒத்திவைப்பது கைவிடுவதிலிருந்து வேறு. இரண்டையும் குழப்புவதால்தான் தலைமாட்டில் அடுக்கு உயர்கிறது. ஒத்திவைக்கும் நூலில், நின்ற பக்கத்தில் ஒரு தாளைச் செருகி அதில் மூன்று வரி எழுதுங்கள்: தேதி, இதுவரை நடந்தது, யார் யாருக்கு என்ன உறவு. இந்த மூன்று வரி இல்லாவிட்டால் இரண்டு மாதம் கழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும், தொடங்க மாட்டீர்கள். ஆறு மாதம் தொடாவிட்டால் அது கைவிட்டது என்று எடுத்துக்கொண்டு யாருக்காவது கொடுத்துவிடலாம். எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலகவியல் விதிகள் ஐந்தில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்த வாசகர் நீங்கள் இல்லை, அவ்வளவுதான்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நூல் வைத்துப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டுரை, சிறுகதை, கவிதை எல்லாம் பத்து நாள் இடைவெளியைத் தாங்கும். ஆட்கள் நிறைந்த நாவல் தாங்காது. இடைவெளியால் கதை மறந்து, அந்த மறதியைச் சலிப்பு என்று நினைத்து நல்ல நாவலைக் கைவிடுவது சர்வ சாதாரணம். நாவலைத் தினமும் பத்துப் பக்கமாவது நகர்த்துங்கள், மற்றவை இடையில் வரட்டும்.

கைவிடும் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு குறிப்பேட்டில் ஒரு வரி: நூலின் பெயர், எந்த வழியில் எடுத்தது, நின்ற பக்கம், குற்றத்தின் பெயர். ‘பட்டியல் பார்த்து, பக்கம் 34, வெற்றெனத் தொடுத்தல்.’ ‘நண்பர், பக்கம் 212, சென்று தேய்ந்து இறுதல்.’ பத்து வரி சேர்ந்ததும் எந்த வழியில் எடுத்தது என்பதை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். பத்தில் ஆறு ஒரே வழியில் வந்திருந்தால், அந்த வழியில் வரும் அடுத்த புத்தகத்துக்குக் காகிதத்தை முப்பதாம் பக்கத்தில் செருகாமல் பதினைந்தாம் பக்கத்தில் செருகுங்கள்.